மூன்றாவது பெட்டியில் விட்டுப்போன ஒரு சாண்

பாறையைக் கழுவுவது என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மும்பையில் எந்தப் பெரிய கட்டடமும் எழும்புவதற்கு முன்னால் அந்த இடத்தில் நான்கைந்து துளை போட்டு, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அந்தத் துளை போடும் மெஷினில் நான் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். முனையில் வைரத்தூள் பதித்த இரும்புக் குழாய் ஒன்று சுற்றிக்கொண்டே பாறைக்குள் இறங்கும். சூடு ஏறாமல் இருக்க அதற்குள் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றரை மீட்டர் இறங்கியதும் குழாயை மேலே இழுத்துச் சுத்தியலால் தட்டுவோம். உள்ளே சிக்கிய பாறை உருளையாக வெளியே நழுவும். அதற்குக் கோர் என்று பெயர். முழங்கை நீளத்துக்கு ஒரே துண்டாக வந்தால் நல்ல பாறை. பிஸ்கட் மாதிரி வந்தால் மோசம். எப்படி வந்தாலும் நான் அதைக் கழுவி, தலைகால் மாறாமல் மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, எத்தனை மீட்டர் ஆழம் என்று சின்ன மரக்கட்டையில் எழுதி நடுவில் வைப்பேன்.

தாராவியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். அங்கே எனக்கு ஒட்டிக்கொண்டது தமிழ் எழுத்தும் முத்து மாதிரி எண்களும். பேச்சு ஒட்டவில்லை. நான்கு பேர் முகத்தைப் பார்த்தால் என் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் மெஷினை ஓட்டுகிற மிஸ்திரிக்கு என் வயதுதான், திருநெல்வேலிக்காரர், வாய் ஓயாதவர். குழாய் இறங்கிய அளவுக்குப் பாறை மேலே வராவிட்டால் அந்தக் குறைக்குக் கோர் லாஸ் என்று சொல்வோம். அதை வைத்தே அவர் என்னைக் கிண்டல் செய்வார்.

"ஒம்ம வாயிலயும் கோர் லாஸ்தான் வே. உள்ள எறங்குதது ஒன்றர மீட்டர், வெளிய வாரது ஒரு சாண்."

இந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த வேலை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். அதுவும் நாங்கள் குடியிருந்த சால், அந்த வரிசை வீடுகள் இருந்த இடத்திலேயே. அந்த வீடுகளை இடித்து, புதியது வரும் வரை இருக்க எங்களையெல்லாம் செம்பூர்ப் பக்கம் டிரான்சிட் கேம்ப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அதே மண்ணில் இருபத்திரண்டு மாடி எழும்பும், அதில் பத்தாவது மாடியில் எங்களுக்கு ஒரு வீடு. தினமும் காலையில் குர்லாவில் ரயில் மாறி, நான் இருந்த இடத்துக்கே துளை போட வந்தேன். மூன்றாவது துளை சரியாக எங்கள் குழாயடி இருந்த இடத்தில் விழுந்தது. மேலே வந்த முதல் மண்ணில் எங்கள் குளியலறையின் நீல ஓட்டுச் சில்லு ஒன்று கிடந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

தப்பு நடந்ததும் அந்த மூன்றாவது துளையில்தான்.

மும்பை ரயிலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆள் உட்காருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். "ஜரா சரக்", கொஞ்சம் நகரு என்று ஒரு வார்த்தை போதும். மூன்று பேரும் அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்ந்து, நாலாவது ஆளின் பாதி இடுப்புக்கு இடம் உண்டாக்கிவிடுவார்கள். இந்த ஊரில் ஒரு சாண் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியாது. எனக்கு இது கையிலேயே ஊறிவிட்டது. கோர் லாஸ் பெரிதாக இருந்தால் பெட்டியில் அந்த அளவுக்கு இடம் விட்டுக் கட்டை வைப்போம். ஒரு சாண் குறைந்தால் நான் இடம் விட மாட்டேன். துண்டுகளை நெருக்கி, அடுத்த துண்டை இழுத்து வந்து, வரிசையை நிரப்பிவிடுவேன். பெட்டி அழகாக இருக்கும். சூப்பர்வைசர் நிறைந்த வரிசையைப் பார்த்து நூறு சதவீதம் என்று தாளில் எழுதிக்கொள்வார். அன்றைக்கும் பதினோரு மீட்டர் பக்கத்தில் ஒரு சாண் வரவில்லை. மிஸ்திரி போனில் யாரையோ திட்டிக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பி நின்றார். நான் பெட்டியில் துண்டுகளைப் பார்த்து மனசுக்குள் ஜரா சரக் என்றேன். நாலாவது ஆள் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று துளையும் முடிந்த பிறகுதான் ஜியாலஜிஸ்ட் மேடம் பெட்டிகளைப் பார்க்க வந்தார். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம், முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டத் தெரியாது. இதற்கு முன் வந்த ஆட்கள் பெட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விடுவார்கள். இவர் சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து, நாக்கால் கூடத் தொட்டுப் பார்த்தார். மிஸ்திரி என் முதுகில் தட்டி, கல்லுக்கு உப்புப் போதுமா என்று கேட்கச் சொன்னார்.

முதல் துளையின் பெட்டியில் கறுப்புப் பாறைக்கு நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பாக, களிமண் மாதிரி ஒன்று இருந்தது. நாங்கள் அதை லால் மிட்டி என்போம். எங்களுக்கு அது குப்பை. கையில் பிடித்தால் உதிரும், கழுவினால் ஓடிவிடும். மேடம் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இங்கே வந்து பாருங்கோ என்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். மிஸ்திரி டீ குடிக்கப் போனார். நான் போய் நின்றேன். அந்த அரை மணி நேரத்தில் கேட்டதை நான் இன்று வரை யாரிடமாவது சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறேன்.

மும்பை முழுக்க எரிமலைக் குழம்பு ஓடி இறுகிய கறுப்புப் பாறை என்பது எனக்குப் பொதுவாகத் தெரியும். ஆனால் ஒரே தடவையில் ஓடியது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். ஒரு ஓட்டம் வந்து பரவி இறுகும். பிறகு நின்றுவிடும். எவ்வளவு காலம் என்றில்லாமல் சும்மா கிடக்கும். வெயில் காயும், மழை பெய்யும், பாறையின் தலை ஊறி, மக்கி, சிவந்து மண்ணாகும். செடிகூட முளைத்திருக்கும். அதற்கு மேல் மறுபடி நெருப்பு ஓடி வந்து மூடும். பத்து மீட்டர் கறுப்பு சட்டென்று வந்து சேர்ந்தது. அதன் மேலே இருக்கிற ஒரு சாண் சிவப்புக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும்.

"கறுப்பு எல்லாம் அவசரம் அண்ணா. இந்தச் சிவப்புதான் காத்துண்டிருந்த காலம்" என்றார்.

நான் கழுவி ஓடவிட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

கறுப்பிலும் படிக்க இருக்கிறதாம். பாறையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருக்கும், ஜவ்வரிசி மாதிரி இருப்பதால் நாங்கள் சாபுதானா என்று சொல்வோம். அது குழம்பு ஓடும்போது உள்ளே இருந்த காற்றுக்குமிழ்கள், பிற்பாடு வெள்ளை உப்பால் அடைபட்டவை. கொதிக்கிற கஞ்சியில் குமிழ் மேலே வருகிற மாதிரி அவையும் மேலேறும். ஆகவே சாபுதானா நெருக்கமாக இருந்தால் அது ஒரு ஓட்டத்தின் தலை என்று அர்த்தம். தலையைக் கண்டுபிடித்தால், அங்கே ஒரு ஓட்டம் முடிந்தது, அதற்குமேல் வேறு ஒரு காலம். நான் எத்தனை ஆயிரம் துண்டில் சாபுதானாவைக் கழுவியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஏன் இங்கே மட்டும் இவ்வளவு நெருக்கம் என்று கேட்டதில்லை.

இல்லாததை எப்படிப் படிப்பது என்பதைத்தான் அவர் அதிகம் விரும்பிச் சொன்னார். ஒரு தலைக்கு மேல் சிவப்பு இல்லை, நேராக அடுத்த கறுப்பு உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காரணம் இருக்கலாம். அடுத்த ஓட்டம் சீக்கிரமே வந்துவிட்டது, மண்ணாக நேரம் இல்லை. அல்லது மண் ஆகிவிட்டது, ஆனால் தண்ணீர் அதைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டது. கீழே இருக்கிற பாறையின் தலையைப் பார்த்தால் தெரியும். தலை ஊறி மக்கியிருந்தால் காலம் கடந்திருக்கிறது, மண்ணை யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போனவன் தடத்தை வைத்துத்தான் போனான் என்று சொல்கிறோம், அந்த மாதிரி. பாறையில் உள்ள வெற்றிடத்துக்கும் ஒரு கதை உண்டு, அதை உட்கார்ந்து வாசிக்கிற ஆட்களும் உண்டு என்று நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரிய வந்தது.

இரண்டாவது பெட்டியிலும் அதே ஆழத்தில் சிவப்பு இருந்தது. மேடம் தாளில் ஒரு கோடு போட்டு, மூன்றாவது பெட்டிக்கு வந்தார். அங்கே சிவப்பு இல்லை.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு துண்டுகளை எடுத்தார், வைத்தார். கீழ்ப்பாறையின் தலை மக்கியிருந்தது, ஆனால் மேலே மண் இல்லை, நேராகக் கறுப்பு. அவர் நிமிர்ந்து, இந்த இடத்தில் கோர் லாஸ் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். டீ குடித்துவிட்டு வந்த மிஸ்திரி பெட்டியைப் பார்த்து, தாளைப் பார்த்து, நூத்துக்கு நூறு மேடம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வரிசை நிறைந்துதானே இருந்தது. மேடம் என்னைப் பார்த்தார். நான் மரக்கட்டையில் நானே எழுதிய எண்களைப் பார்த்தேன்.

அடுத்த நிமிஷம் மேடத்தின் கண்ணில் வெளிச்சம் வந்தது. அப்படியென்றால் இங்கே ஒரு ஓடை ஓடியிருக்கிறது என்றார். அந்தக் காலத்து ஓடை, இரண்டு நெருப்புக்கு நடுவில் ஓடி இந்த மூலையில் மட்டும் சிவப்பு மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. தாளில் போட்ட கோட்டை மூன்றாவது துளைக்கு முன்னால் நிறுத்தி, அங்கே வளைவாக ஒரு ஓடையை வரைந்தார். இந்தப் பக்கம் சிவப்பு இல்லாததால் கட்டடத்தின் தூண்களை மேல் கறுப்பிலேயே நிறுத்திக்கொள்ளலாம், மற்ற இரண்டு பக்கமும் சிவப்பைத் தாண்டி இறக்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் போனில் சொன்னார். சிவப்பு மண் ஈரம் பட்டால் குழைந்துபோகும், பாரம் தாங்காது, அதன்மேல் தூண் நிற்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும்.

அவர் டிபனைத் திறக்கப் போய்விட்டார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கதை அவ்வளவு பிடித்திருந்தது. ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழாயடியில் ஒரு ஓடை. அதை உண்மை என்று நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் அந்த ஓடையின் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் குழாயில் விட்ட தண்ணீர். சிவப்பு அதில் கரைந்து ஓடிவிட்டது. அது போன இடத்தை நான் நெருக்கி மூடிவிட்டேன். அந்த ஓடை நான்தான். அதன் மேல்தான் இருபத்திரண்டு மாடியும் நிற்கப்போகிறது, பத்தாவது மாடியில் என் மனைவியும் மகளும்.

சொன்னால் வேலை போகலாம். மெஷினை மறுபடி இழுத்து வந்து பக்கத்தில் புதிதாகத் துளை போட வேண்டும், நாலைந்து நாள் வீண். டிரான்சிட் கேம்ப்பில் எல்லோரும் ஒரு நாள்கூட அதிகமாகக் கூடாது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் மேடம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இரண்டு தடவை போய், தண்ணீர்க் கேனை நகர்த்திவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை அவரே, என்ன அண்ணா என்றார்.

"ஓடை இல்ல மேடம். அது நான்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் வாய் வரவில்லை. மெஷின் பக்கம் போய், தலைக்குக் கட்டுகிற துண்டை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். வெள்ளைத் துண்டு, பாதி செம்மண் நிறம். மூன்றாவது துளையில் மேலே திரும்பி வந்த தண்ணீரில் நனைந்து, இரண்டு தடவை துவைத்தும் போகாத கறை. பிறகு பெட்டியில் கைவைத்து, எங்கே நெருக்கினேன் என்று காட்டினேன். நான் விரலை வைத்த இடத்தில் இருந்த இரண்டு துண்டுகளின் முனைகளும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. பக்கத்தில் மற்றதெல்லாம் உடைந்த தட்டு மாதிரி கவ்விக்கொண்டன.

மேடம் டிபனை மூடினார். அவர் திட்டுவார் என்று நான் நின்றேன்.

"தண்ணி எப்போ கலர் மாறித்து? சாம்பல்லேர்ந்து நேரே சிவப்பா, இல்ல நடுவுல வேற எதாவதா?"

முதலில் சாம்பல், பிறகு செங்கல் பொடி மாதிரி, பிறகு நல்ல சிவப்பு, ஒரு டீ குடிக்கிற நேரம், மறுபடி சாம்பல் என்றேன். அவர் எழுதிக்கொண்டே போனார். நான் பேசிக்கொண்டே போனேன். குழாய் அந்த இடத்தில் சட்டென்று வேகமாக இறங்கியதைச் சொன்னேன். சத்தம் மாறியதைச் சொன்னேன். மிஸ்திரி தூரத்திலிருந்து வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். எழுதி முடித்துவிட்டு மேடம் தன் வளைவான ஓடையைப் பேனாவால் அடித்தார். அடித்தபோது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்திருக்கும். நல்ல ஓடை.

"நாலாவது சீட் குடுத்துட்டேள்" என்றார். எப்படி இப்படிச் செய்தேன் என்று நான் சொன்னதற்கு அவர் சொன்னது அவ்வளவுதான். பிறகு சிரிக்காமல், இதற்கு முன் எத்தனை பெட்டியில் என்று கேட்டார். நினைவில் இருந்த இடங்களைச் சொன்னேன். எல்லாம் நினைவில் இல்லை. அவர் அதையும் குறித்துக்கொண்டார். அந்த இடங்கள் எனக்கு இன்னும் மனசில் உறுத்துகின்றன.

விஷயம் தெரிந்ததும் சூப்பர்வைசர் மிஸ்திரியின் போனில் கத்தினார். இந்த ஆள் நாளைக்கு வர வேண்டாம் என்று ஹிந்தியில் சொன்னது எனக்கும் கேட்டது. மேடம் போனை வாங்கி, மறுபடி துளை போடும்போது தண்ணீர் எந்த ஆழத்தில் நிறம் மாறும் என்று தெரிந்த ஒரே ஆள் இவர்தான், இவர் இல்லாமல் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிதானமாகச் சொல்லி வைத்துவிட்டார். இந்தத் துளை முடியும் வரை இருக்கலாம், பிறகு பார்க்கலாம் என்று சாயங்காலம் பதில் வந்தது. மிஸ்திரி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் மெஷினை இரண்டு முழம் தள்ளி இறக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"இருவது வருஷம் பேசாதவன் ஒரு நா பேசினா மெஷின மறுக்கா இழுக்கணும் போல. இனிம பேசுததா இருந்தா முன்னமே சொல்லிரும் வே."

ஆனால் பத்து மீட்டர் தாண்டியதும் அவருக்கும் வெறி பிடித்துவிட்டது. தண்ணீரைக் கால்வாசிக்குக் குறைத்தார். குழாயை அழுத்தாமல், கையால் லீவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி மெல்ல இறக்கினார். நான் திரும்பி வரும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாம்பல். சாம்பல். பிறகு விரலிடுக்கில் செங்கல் நிறம். கையைத் தூக்கினேன். அவர் தண்ணீரை இன்னும் குறைத்தார். மெஷின் சத்தம் கனத்து, பிறகு மிருதுவாயிற்று. மேடம் குடையை மடக்கி எங்கோ போட்டுவிட்டு வந்து குனிந்தார்.

குழாயை மேலே இழுத்தோம். நான் சுத்தியலால் தட்டவில்லை. படுக்கப்போட்டு, முனைப்பக்கமிருந்து மரக்கழியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். முதலில் கறுப்பு வந்தது. கறுப்பின் அடி வழவழவென்று. அதற்குப் பிறகு செங்கல் மாதிரி சுட்டு இறுகிய ஒரு விரல்கடை. மேலே ஓடிய நெருப்பு சுட்டது. அதற்குக் கீழே ஈரமாக, உதிராமல், ஒரு சாணும் நாலு விரலும், சிவப்பு. பிறகு சாபுதானா நெருங்கிய, மக்கிய தலை. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. மிஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"ஓட காஞ்சு போச்சு வே" என்றார்.

நானாக வாயைத் திறந்து மேடத்திடம் முதல் கேள்வி கேட்டேன், இதில் எத்தனை வருஷம் இருக்கும் என்று. அவர், சரியாகத் தெரியாது, யாருக்கும் தெரியாது, கணக்கிட்டுப் பார்க்க வழி உண்டு, அதற்கே பல பேர் உழைக்கிறார்கள் என்றார். தெரியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. சிவப்பை நான் கழுவவில்லை. பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். பழைய மூன்றாவது பெட்டியையும் திறந்து, துண்டுகளை வந்த வழியே நகர்த்தி, ஒரு சாண் இடம் விட்டு, வெற்று மரக்கட்டையை நிறுத்தினேன். அதில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கோர் லாஸுக்கு வழக்கமாக எழுதுகிற இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளைச் சொன்னார். அதை எழுதிவிட்டு, பின்பக்கம் தமிழில் 'இங்கே மண் இருந்தது' என்றும் எழுதினேன். மேடம் அதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

அந்த மூலையிலும் தூண்கள் சிவப்பைத் தாண்டித்தான் இறங்கும் என்று முடிவாயிற்று. அதனால் வேலை இன்னும் நீளும். எனக்கு அடுத்த வேலை உண்டா என்று சூப்பர்வைசர் இதுவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிரான்சிட் கேம்ப்பில் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி, வீடு எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். இன்னும் தள்ளிப்போகும், என்னால்தான் என்றேன். ஏன் என்றாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, பக்கத்தில் இன்னொரு கையின் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.

"இம்புட்டுக்கா?"

"இம்புட்டு இல்ல. நீ உக்காரு, சொல்லுதேன்."

அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் நெருப்பிலிருந்து ஆரம்பித்தேன். சிவப்புக்கு வருவதற்குள் அடுத்த வீட்டுக்காரரும் வாசலில் வந்து நின்றார். எனக்கு நாக்கு ஒட்டவில்லை. ஓடை வந்த இடத்தில் அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, அப்ப நம்ம வீட்டுத் தூண் அந்த மண்ணு மேல நிக்காதுல்லா என்று கேட்டாள். நிற்காது என்றேன். சரி, சோறு ஆறிட்டு, சாப்புட்டுட்டு மிச்சத்தச் சொல்லுங்க என்றாள்.